நாய்க்கு நில், தேனீக்கு ஓடு: சைக்கிள் வழியில் விலங்குகள் குறுக்கிட்டால்

சைக்கிளில் கொஞ்சம் தூரம் போகத் தொடங்குகிறவர்களுக்கு முதல் வாரம் மேடும் எதிர்காற்றும்தான் கவலை. இரண்டாம் வாரத்தில் நாய் வந்துவிடும்.

என்னை முதன்முதலில் துரத்திய நாய் முழங்கால் உயரம்கூட இருக்காது. குரல் மட்டும் அதன் உருவத்தைப் போல மூன்று மடங்கு. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே மிதித்ததில் முன்சக்கரம் சாலை விளிம்பை விட்டு மண்ணில் இறங்கி, முழங்கையைத் தேய்த்துக்கொண்டு விழுந்தேன். நாய் ஓடி வந்தது, நின்றது, என் ஷூவை மோந்து பார்த்தது, வந்த வழியே போய்விட்டது. தோல் போனதெல்லாம் தார்ச்சாலையிடம்தான்.

அதற்குப் பிறகு எத்தனையோ விலங்குகள் குறுக்கே வந்துவிட்டன. எனக்கும் என்னோடு ஓட்டுகிறவர்களுக்கும் பட்ட அடிகளை எண்ணிப் பார்த்தால், பல்லாலும் கொம்பாலும் பட்டதைவிடப் பதறி விழுந்து பட்டதே அதிகம். அதனால் கீழே எந்த விலங்கைப் பற்றிப் படித்தாலும் முதல் படி ஒன்றுதான்: இரண்டு கையும் ஹேண்டிலில், பார்வை போகிற திசையில், விரல்கள் பிரேக்கின் மேல்.

அதன் கண்ணுக்கு நீங்கள் யார்?

நடந்து வரும் ஆளை விலங்குகளுக்கு நன்றாகத் தெரியும். காலடிச் சத்தம் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும். உருவமும் பழகியது, வேகமும் பழகியது. சைக்கிளில் ஏறி உட்கார்ந்ததும் இந்த மூன்றும் மாறிவிடுகின்றன. கால் தரையில் படுவதில்லை, சத்தம் ஏறக்குறைய இல்லை, வேகமோ ஓடித் தப்பிக்கிற இரையின் வேகம் அல்லது பாய்ந்து வருகிற வேட்டைவிலங்கின் வேகம். அதைப் பார்த்து நாய் துரத்துகிறது, மாடு மிரள்கிறது, குதிரை எகிறுகிறது. தன்மேல் ஏதோ பாய்கிறது என்று நினைத்த கரடி அடித்துவிடுகிறது.

கடைசியாகச் சொன்னது வெறும் பேச்சுக்கு இல்லை. 2016 ஜூன் மாதம் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், கிளேசியர் தேசியப் பூங்காவை ஒட்டிய காட்டுப் பாதையில் சைக்கிளில் போன ஒருவர், வளைவில் திரும்பியபோது பழுப்புக் கரடி ஒன்றின் மேல் நேராக மோதி, அதன் தாக்குதலில் இறந்துபோனார். அவர் காடு தெரியாத ஆள் இல்லை, வனத்துறை அதிகாரி. கரடியைக் கண்ட பிறகு அவருக்கு ஓரிரு நொடிகள்தான் கிடைத்திருக்கும் என்று விசாரணைக் குழு கணக்கிட்டது. மறைவான வளைவு, வேகம், சத்தமின்மை. மூன்றும் சேர்ந்தால் காட்டிலே பிறந்தவனுக்கும் அதே கதிதான்.

ஆகவே பொதுவான வழி இது: வேகத்தைக் குறையுங்கள், குரல் கொடுங்கள், தேவைப்பட்டால் இறங்குங்கள். சைக்கிளும் ஆளும் ஒட்டிய அந்த விநோத உருவம் பிரிந்து, பழைய மனிதனாகத் தெரிந்துவிட்டால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். இதற்கு ஒரு பெரிய விதிவிலக்கு உண்டு, தேனீ. அதைப் பிறகு பார்ப்போம்.

கிளம்பும் முன் பழகிக்கொள்ள வேண்டியவை

ஆள் இல்லாத மைதானமோ அகலமான தெருவோ கிடைத்தால் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். நாய் வந்த பிறகு பழக முடியாது.

1. நேர்கோட்டில் ஓட்டிக்கொண்டே தலையை மட்டும் திருப்பிப் பின்னால் பாருங்கள். புதியவர்களுக்குத் தலை திரும்பினால் தோளும் திரும்பும், தோளோடு ஹேண்டிலும் திரும்பும். நான் விழுந்தது இதனால்தான்.

2. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து, உடம்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, சறுக்காமல் நிற்கப் பழகுங்கள். முன் பிரேக்கை மட்டும் திடுக்கென்று பிடித்தால் தலைக்குப்புறப் போவீர்கள்.

3. நின்ற நொடியில் இடப்பக்கமும் இறங்க வேண்டும், வலப்பக்கமும் இறங்க வேண்டும். எல்லோருக்கும் ஒரு பக்கம்தான் பழக்கம். நாய் அந்தப் பக்கமாக வந்தால் என்ன செய்வீர்கள்? பெடலோடு ஷூவைப் பூட்டும் வகை வைத்திருப்பவர்கள் இதை இன்னும் அதிகம் பழக வேண்டும்.

4. ஒரு கையால் ஓட்டிக்கொண்டே தண்ணீர் பாட்டிலை எடுத்து, திரும்ப அதே இடத்தில் வையுங்கள். பாட்டில் வாயை அழுத்தினால் பீய்ச்சுகிற வகையாக இருந்தால் நல்லது.

எடுத்துப் போக வேண்டியது அதிகம் இல்லை. ஒழுங்காக ஒலிக்கும் பெல், ஹெல்மெட், கண்ணுக்குக் கண்ணாடி (இருட்டானால் நிறமில்லாதது), சின்னத் துண்டு சோப்பு, அகலமான துணி ஒன்று. சோப்பு எதற்கு என்று நாய்ப் பகுதியில் தெரியும். பூச்சிக்கடி ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவர் எழுதிக் கொடுத்த ஊசியைக் கண்டிப்பாக வைத்திருங்கள், அதை எப்படிப் போட வேண்டும் என்று கூட வருகிறவர்களுக்கும் சொல்லி வையுங்கள். காதில் பாட்டு வேண்டாம். உறுமலும் ரீங்காரமும் கண்ணுக்கு முன்னால் காதுக்குத்தான் வரும்.

நாய்

இதற்குத்தான் அதிக இடம், ஏனென்றால் ஓட்டுகிறவர்களில் நாயைச் சந்திக்காதவர் கிடையாது.

துரத்துகிற நாய்களில் பெரும்பாலானவை உங்களைத் தின்ன வருவதில்லை. தன் எல்லைக்குள் ஏதோ வேகமாகப் புகுந்திருக்கிறது, அதை வெளியேற்ற வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை. நீங்கள் வேகமாக மிதிக்க மிதிக்க அதற்குத் தான் ஜெயிப்பதாகத் தோன்றும். நாளைக்கும் அதே இடத்தில் காத்திருக்கும். தவிர, திடமான நாய் ஒன்று சின்னத் தூரத்துக்கு மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். சமதரையில் புதிதாக ஓட்டுகிறவர் அதை முந்துவது கஷ்டம். இறக்கத்தில் முடியலாம். ஆனால் அந்த வேகத்தில் நாய் முன்சக்கரத்துக்குள் வந்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, என்ன செய்வது?

தூரத்திலேயே நாயைக் கண்டுவிட்டால், அதை நெருங்குவதற்கு முன்பே மிதிப்பதை நிறுத்தி வேகத்தைக் குறைத்துவிடுங்கள். சாதாரணக் குரலில் ஏதாவது பேசுங்கள். என்ன பேசுகிறோம் என்பது முக்கியம் இல்லை. நான் பெரும்பாலும் அன்றைய வெயிலைப் பற்றி நாயிடம் புலம்புவேன். பாதி நாய்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும்.

எழுந்து ஓடி வந்தால் பிரேக் பிடித்து நில்லுங்கள். நாய் வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக இறங்குங்கள். இப்போது உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் சைக்கிள் ஒரு வேலி. நாய் சுற்றி வந்தால் நீங்களும் சைக்கிளைச் சுற்றுங்கள், வேலி நடுவிலேயே இருக்கட்டும். முக்கால்வாசி நாய்களுக்கு இங்கேயே குழம்பிவிடும். துரத்தியது ஓடவில்லை, நின்றுவிட்டது, அதிலிருந்து ஒரு மனிதன் வேறு இறங்கி வந்திருக்கிறான். அடுத்து என்ன செய்வதென்று அதற்குத் தெரியாது.

குரல் தாழ்ந்து, அழுத்தமாக வர வேண்டும். "போ" என்ற ஒரு சொல் போதும். கீச்சென்று கத்தினால் அதற்கு உற்சாகம் கூடும். கண்ணுக்குக் கண் முறைக்காதீர்கள், முதுகையும் காட்டாதீர்கள். பக்கவாட்டில் திரும்பியபடி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடங்கள். அதன் எல்லை முடிகிற இடத்தில் நாயே நின்றுவிடும். அதற்குப் பிறகும் இன்னும் பத்துப் பதினைந்து மீட்டர் நடந்துவிட்டே ஏறுங்கள். காலைத் தூக்கிச் சீட்டுக்கு மேல் போடுகிற அந்த அசைவைக் கண்டு, அடங்கியிருந்த நாய் திரும்பப் பாய்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கல் எடுப்பதுபோல் குனிவது எல்லோருக்கும் தெரிந்த வித்தை. கல்லடி பட்ட நாயிடம் அது எடுபடும். கல்லையே அறியாத வீட்டு நாய் நீங்கள் விளையாடக் கூப்பிடுவதாக நினைத்துக்கொள்ளும். நிஜமாக எறியாதீர்கள். இன்றைக்குத் தப்பிப்பீர்கள், அடுத்து அந்த வழியாக வரும் சைக்கிள்காரர் அனுபவிப்பார்.

எதற்கும் அடங்காமல் நெருங்கி வந்தால் பாட்டில் தண்ணீரை முகத்தில் பீய்ச்சுங்கள். மிளகு ஸ்பிரே சிலர் வைத்திருக்கிறார்கள். ஓடும் சைக்கிளில் எதிர்காற்றில் அதை அடித்தால் யார் கண்ணுக்கு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. காலால் உதைப்பது எல்லாவற்றிலும் மோசம். பெடலில் இருக்கிற காலை எடுத்து நாயின் வாய்க்கு நேரே நீட்டுகிறோம், சமநிலையும் போகிறது.

இந்தப் பகை நேற்று வந்தது இல்லை. 1890களில் பிரான்சில் சைக்கிள்காரர்களுக்காகவே வெலோ-டாக் என்ற பெயரில் சின்னக் கைத்துப்பாக்கி விற்றிருக்கிறார்கள். 'வெலோ' என்றால் பிரெஞ்சில் சைக்கிள், 'டாக்' எதற்கென்று தெரியும். ஒரு கையில் துப்பாக்கியும் மறு கையில் ஹேண்டிலுமாக எத்தனை பேர் நாயைச் சுட்டார்கள், எத்தனை பேர் தங்கள் டயரைச் சுட்டுக்கொண்டார்கள் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

கூட்டமாகச் சூழ்ந்துகொண்டால் சுவரையோ மரத்தையோ முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, முன்னால் சைக்கிளைப் பிடித்தபடி நில்லுங்கள். நண்பர்களோடு ஓட்டும்போது, முன்னால் போகிறவரைப் பார்த்து நாய் விழித்துக்கொள்ளும், கடைசியில் வருகிறவர்தான் மாட்டுவார். முதலில் பார்த்தவர் உடனே "நாய்" என்று சத்தம் போட வேண்டும், எல்லோரும் ஒன்றாக வேகத்தைக் குறைக்க வேண்டும். ஆளாளுக்குப் பறந்தால் ஒருவர் சக்கரத்தில் ஒருவர் மோதி விழுவீர்கள்.

கடித்துவிட்டால்

இங்கே அலட்சியத்துக்கு இடமே இல்லை. வெறிநாய்க்கடி நோய் மனிதருக்கு வருவதில் 99 சதவீதம் வரை நாய்களால்தான் என்றும், ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் அதனால் இறப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பது மிக மிக அரிது. அறிகுறிக்கு முன்னால் முறையாகத் தடுப்பூசி போட்டுக்கொண்டால் நோய் வராமலே தடுத்துவிடலாம். லூயி பாஸ்டர் 1885-ல் ஒரு சிறுவனுக்குப் போட்டுக் காட்டிய காலத்திலிருந்தே இதற்குத் தடுப்பூசி உண்டு.

செய்ய வேண்டியது இதுதான். சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் காயத்தை 15 நிமிடம் கழுவுங்கள். 15 நிமிடம் என்பது நினைப்பதைவிட நீண்ட நேரம், கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். காயத்தின் மேல் எதையும் அப்பாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். பல் பதியவில்லை, லேசான கீறல்தான் என்றாலும் போங்கள். நாய் நன்றாகத்தானே இருக்கிறது, இரண்டு நாள் பார்ப்போம் என்று காத்திருக்காதீர்கள். மருத்துவர் சொன்ன எல்லா ஊசிகளையும் தவணை தவறாமல் முடியுங்கள். கடித்தது நாய்தான் என்று இல்லை. குரங்கு, பூனை, வௌவால், நரி எது கடித்தாலும் இதே முறைதான்.

மாடும் குதிரையும்

மாட்டு மந்தை சாலையை அடைத்துக்கொண்டு நின்றால் பெல் அடித்துப் பிளந்துகொண்டு போகலாம் என்று தோன்றும். வேண்டாம். ஒன்று மிரண்டால் எல்லாம் மிரளும், எந்தப் பக்கம் ஓடும் என்று அதற்கே தெரியாது. இறங்கி, மெதுவாகப் பேசிக்கொண்டே ஓரமாகத் தள்ளிக்கொண்டு போங்கள். கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் மட்டும் புகுந்துவிடாதீர்கள். தலையைத் தாழ்த்தி, காலால் மண்ணைப் பறிக்கிற மாட்டைக் கண்டால் வந்த வழியே பின்வாங்குவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

குதிரைக்கு ஏறக்குறைய சுற்றிலும் கண் தெரியும், ஆனால் நேர் பின்னால் தெரியாது. சத்தமில்லாத சைக்கிள் அந்த இடத்திலிருந்துதான் வரும். கொஞ்சம் தூரத்திலேயே குரல் கொடுங்கள். பெல்லைவிட மனிதக் குரல் மேல். மேலே ஆள் இருந்தால் அவர் சரி என்று சொன்ன பிறகு, நன்றாக விலகி, மெதுவாகக் கடந்து போங்கள்.

குறுக்கே பாயும் சின்னதும் பெரியதும்

அணில், பூனை, முயல், கோழி எல்லாம் நம்மைத் தாக்க வருவதில்லை. ஆனால் ஆளைக் கவிழ்ப்பதில் நாய்க்குச் சளைத்தவை இல்லை. அணில் பாதி தூரம் போய், மனம் மாறி, திரும்பி ஓடி வரும். அதற்குத் தகுந்தபடி நீங்களும் வளைத்தால் இருவரும் ஒரே இடத்தில் சந்திப்பீர்கள். நேராகவே போங்கள், பிரேக்கை மட்டும் பிடியுங்கள். கேட்கக் கஷ்டமாக இருக்கும், இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்: சின்ன விலங்கைக் காப்பாற்ற எதிர்வரும் வண்டிக்கு முன்னால் வளைக்காதீர்கள்.

மான் வகைகளுக்கு ஒரு விதி உண்டு, ஒன்று போனால் இன்னொன்று வரும். முதல் மான் தாண்டியதும் அப்பாடா என்று மிதிக்கத் தொடங்குகிறவர்கள் மேல்தான் இரண்டாவது மோதும். விடியற்காலையும் அந்தி நேரமும் அவை அதிகம் நடமாடும். இருட்டில் விளக்கு வெளிச்சத்தில் இரண்டு புள்ளிகள் மின்னினால் வேகத்தைக் குறையுங்கள். பல விலங்குகளின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்புகிற ஒரு படலம் இருப்பதால் வருகிற மின்னல் அது.

2011-ல் தென்னாப்பிரிக்காவில் நடந்த ஒரு மலைப்பாதைப் பந்தயத்தில், ஹார்ட்பீஸ்ட் என்ற பெரிய மான் வகை விலங்கு பக்கவாட்டில் பாய்ந்து வந்து ஒரு வீரரை அப்படியே தூக்கி எறிந்தது. பின்னால் வந்த சக வீரரின் கேமராவில் அது பதிவாகி உலகமெல்லாம் சுற்றியது. அவர் பிழைத்துக்கொண்டார், ஹெல்மெட் உடைந்துபோனது. ஹெல்மெட் உறுத்துகிறது என்று சொல்கிறவர்களுக்கு நான் அந்தப் படத்தைத்தான் காட்டுவது.

மேலிருந்து வருபவை

கூடு கட்டும் காலத்தில் சில பறவைகள் தலையைக் குறிவைத்து இறங்கும். காகத்திடம் கொத்து வாங்கியவர்களுக்குத் தெரியும். இதில் பேர்போனது ஆஸ்திரேலியாவின் மேக்பை. பெரும்பாலும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, குஞ்சு கூட்டில் இருக்கும் சில வாரங்களுக்கு ஆண் பறவைகளில் சில இப்படிச் செய்யும். 2019 செப்டம்பரில் அங்கே 76 வயதுக்காரர் ஒருவர் மேக்பையிடமிருந்து விலகப் போய், பாதையை விட்டு இறங்கி வேலிக் கம்பத்தில் மோதி இறந்தார். இங்கேயும் பாருங்கள், உயிரைப் பறித்தது அலகு இல்லை.

ஹெல்மெட்டில் பிளாஸ்டிக் கட்டுப்பட்டைகளை முள்ளம்பன்றி போல நீட்டிக்கொண்டு ஓட்டுகிறவர்கள் அங்கே உண்டு. பின்பக்கம் கண் வரைந்துகொள்கிறவர்களும் உண்டு. இவற்றையெல்லாம்விடச் சுலபமானது இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றாமல், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்த மரத்தைத் தாண்டிப் போவது. முடிந்தால் சில வாரங்களுக்கு வேறு வழியில் போங்கள். காகமும் மேக்பையும் முகத்தை நினைவில் வைத்திருக்கும். கல்லால் அடித்துவிட்டு நாளைக்கு அதே வழியில் போனால் உங்களைத் தேடித்தான் வரும்.

தேனீ, குளவி

இப்போது விதிவிலக்கு. இங்கே நிற்கக் கூடாது.

ஒற்றைத் தேனீ ஹெல்மெட் துளை வழியாகவோ சட்டைக் கழுத்து வழியாகவோ உள்ளே போய்விடுவது அடிக்கடி நடக்கும். அறைந்துகொள்ளாதீர்கள், கொட்டிவிடும். பதற்றமில்லாமல் ஓரமாக நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றியோ சட்டையை உதறியோ வெளியே விடுங்கள். அடுத்த முறை ஹெல்மெட்டுக்குள் மெல்லிய துணித் தொப்பி போட்டுக்கொண்டால் போதும்.

கூட்டமாகக் கலைந்து வந்தால் கதை வேறு. ஒரு தேனீ கொட்டியதும் மற்றவற்றைக் கூப்பிடும் வாசனை ஒன்று வெளியாகிறது. அதில் முக்கியமான வேதிப்பொருள் வாழைப்பழ வாசனை அடிக்கும். அந்த வாசனையோடு ஒரே இடத்தில் நின்று கையை வீசிக்கொண்டிருந்தால் கூடக் கூட வருமே தவிரக் குறையாது. அதனால்:

1. வாயை மூடுங்கள், தலையைக் குனியுங்கள், மிதியுங்கள். சைக்கிளின் வேகம் உங்களைக் காப்பாற்றுகிற ஒரே இடம் இதுதான்.
2. சாலை மோசமாக இருந்து மிதிக்க முடியாவிட்டால் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடுங்கள். துணியால் முகத்தை மூடுங்கள், வழி தெரிகிற அளவுக்கு மட்டும் இடைவெளி விடுங்கள்.
3. சில நூறு மீட்டராவது போங்கள். கதவு மூடுகிற கட்டடமோ வண்டியோ கிடைத்தால் உள்ளே நுழைந்துவிடுங்கள். தண்ணீரில் குதிக்காதீர்கள், மேலேயே காத்திருக்கும்.
4. தப்பித்த பிறகு கொடுக்குகளை உடனே எடுங்கள். கொடுக்கோடு ஒட்டிய நச்சுப்பை கொஞ்ச நேரம் நஞ்சை இறக்கிக்கொண்டே இருக்கும். நகத்தால் வழிக்கலாமா, பிடுங்கலாமா என்று யோசிக்கிற நேரத்தில் எடுத்துவிடலாம்.

மூச்சுத் திணறல், உதடோ நாக்கோ வீங்குவது, தலைசுற்றல், உடம்பெல்லாம் தடிப்பு ஆகியவை வந்தால் அது ஒவ்வாமையின் தீவிர நிலை. ஊசி இருந்தால் உடனே போட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கொட்டு எண்ணிக்கை அதிகமென்றால், ஒன்றும் தெரியாவிட்டாலும் மருத்துவரைப் பாருங்கள்.

பாம்பு

வெயில் தாழ்ந்த பிறகும் தார்ச்சாலை சூடாகவே இருக்கும். அந்தச் சூட்டுக்காகப் பாம்புகள் சாலையில் வந்து படுப்பது உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் கிழிந்த டயர் துண்டு போலத் தெரியும். எனக்கு இப்போது பழக்கம் மாறிவிட்டது, டயர் துண்டுகளுக்கெல்லாம் பாம்புக்குத் தர வேண்டிய மரியாதையைத் தருகிறேன்.

முன்னால் தெரிந்தால் நல்ல தூரத்திலேயே நின்று, அது போகும்வரை காத்திருங்கள். அதன் தலைப்பக்கமாகக் குறுக்கே போகாதீர்கள், குச்சியால் தட்டாதீர்கள். நிறுத்தவே முடியாத அளவு நெருங்கிவிட்டால் மிதிப்பதை நிறுத்தி, வாலின் பக்கமாக விலகி, காலை உயர்த்திக்கொண்டு உருண்டு போய்விடுங்கள். சக்கரக் கம்பிகளில் சிக்கிக்கொண்டால் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு எட்டப் போங்கள். அதுவாக விடுவித்துக்கொள்ளட்டும், சைக்கிள் எங்கேயும் ஓடிவிடாது.

கடித்துவிட்டால் கடிபட்ட உறுப்பை அசையாமல் வையுங்கள். மோதிரம், கடிகாரம், இறுக்கமான ஷூ எல்லாவற்றையும் கழற்றுங்கள், வீக்கம் வரும். கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்டவர் மீண்டும் சைக்கிளில் ஏறி மிதிக்கவும் கூடாது. வண்டி வைத்துத்தான் போக வேண்டும். பாம்பைப் பிடிக்கவோ கொல்லவோ முயன்று இரண்டாவது கடி வாங்காதீர்கள். உலகில் ஆண்டுக்கு 81,000 முதல் 1,38,000 பேர் வரை பாம்புக்கடியால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனையை எவ்வளவு சீக்கிரம் அடைகிறோம் என்பதுதான் முக்கியம்.

குரங்கு

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கையில், பையின் வெளிப்பக்கத்தில் தின்பண்டம் தெரியக் கூடாது. பல்லைக் காட்டிச் சிரிக்கக் கூடாது, அதன் மொழியில் அது வேறு. பையைப் பிடுங்கிக்கொண்டால் விட்டுவிடுங்கள், இழுபறியில் ஜெயிக்க மாட்டீர்கள்.

பெரிய காட்டு வழி

யானை, கரடி, பெரிய பூனைகள் நடமாடும் பாதைகளில் புதியவர்கள் தனியாகப் போகவே வேண்டாம். இருட்டுகிற நேரத்தில் யாருமே போக வேண்டாம். போனால் வளைவுக்கு முன்னால் எப்போதும் வேகத்தைக் குறைத்து, உரக்கப் பேசிக்கொண்டோ கூவிக்கொண்டோ போங்கள். அமைதியை ரசிக்கத்தானே காட்டுக்கு வந்தோம் என்று தோன்றும். அந்த அமைதிதான் இங்கே ஆபத்து.

யானையைக் கண்டால் தூரத்திலேயே நின்று, சத்தமில்லாமல் திரும்பிப் போய்விடுங்கள். மற்ற விலங்குகளுக்குச் சொன்ன "குரல் கொடு" இதற்குப் பொருந்தாது. அது உங்களைப் பார்த்துவிட்ட பிறகு கத்துவதும் பெல் அடிப்பதும் வினை. 2003-ல் வெளியான ஓர் ஆய்வில் தாய்லாந்து யானைகளை ஓடவைத்து அளந்தபோது மணிக்குச் சுமார் 25 கிலோமீட்டர் வரை வந்தது. நல்ல சாலையில் உங்களால் அதைத் தாண்ட முடியலாம். ஆனால் சைக்கிளைத் திருப்பி, ஏறி, வேகம் பிடிக்கிறவரை அது காத்திருக்காது. கூட்டம் சாலையைக் கடந்துவிட்டாலும் பின்தங்கிய ஒன்று புதருக்குள் இருக்கலாம், உடனே கிளம்பாதீர்கள்.

கரடி மணிக்கு 50 கிலோமீட்டர் வரை ஓடக்கூடியது, ஓட்டப்பந்தயம் வேண்டாம். இறங்கி, சைக்கிளை முன்னால் வைத்து, தாழ்ந்த குரலில் பேசியபடி மெல்லப் பின்வாங்குங்கள். கரடி ஸ்பிரே கிடைக்கும் நாடுகளில் அதை முதுகுப்பைக்குள் புதைக்காமல் இடுப்பில் வையுங்கள்.

பெரிய பூனைகளிடம் ஓடவும் கூடாது, குனியவும் கூடாது. 2018-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இரண்டு சைக்கிள்காரர்களைக் கூகர் என்ற மலைச்சிங்கம் தாக்கியது. ஒருவரைக் கவ்வியிருந்த அது, மற்றவர் ஓடத் தொடங்கியதும் கவ்வியவரை விட்டுவிட்டு ஓடியவரைத் துரத்திப் பிடித்தது. அவர் பிழைக்கவில்லை. 2024-ல் அதே மாநிலத்தில் ஐந்து பெண்கள் ஓட்டிக்கொண்டு போனபோது ஒருவரின் முகத்தை இன்னொரு கூகர் கவ்வியது. தோழிகள் யாரும் ஓடவில்லை. கல்லாலும் கட்டையாலும் அடித்து விடுவித்து, அதன் மேல் ஒரு சைக்கிளைப் போட்டு, அதிகாரி வரும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தாக்கப்பட்டவர் பிழைத்தார். பெரிதாகத் தெரியுங்கள், சைக்கிளைத் தூக்கிப் பிடியுங்கள், கத்துங்கள், பாய்ந்துவிட்டால் கிடைத்ததையெல்லாம் வைத்து அடியுங்கள். இங்கே சமாதானம் பேச நேரம் கிடைக்காது.

எழுந்த பிறகு

எந்த விலங்காக இருந்தாலும், விழுந்திருந்தால் உடனே ஏறி ஓடிவிடாதீர்கள். பயத்தின் வேகத்தில் வலி தெரியாது. தலையில் அடிபட்டதா, தோள்பட்டை எலும்பைத் தொட்டால் வலிக்கிறதா என்று பாருங்கள். ஹெல்மெட்டில் விரிசல் இருந்தால் அதன் வேலை முடிந்துவிட்டது, புதிது வாங்க வேண்டும். முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிவிட்டு, கோணிப்போய் பிரேக்கில் உரசுகிறதா என்று பாருங்கள். ஹேண்டில் சக்கரத்துக்கு நேராக இருக்கிறதா, இரண்டு பிரேக்கும் பிடிக்கின்றனவா, செயின் இடத்தில் இருக்கிறதா? எல்லாம் சரியென்றால் சின்ன கியரில் மெதுவாகக் கிளம்புங்கள். நாய் இன்னும் பார்த்துக்கொண்டே நின்றால், இந்தப் பரிசோதனையையெல்லாம் அதன் எல்லையைத் தாண்டிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.